பத்மநாபபுரம்: மார்த்தாண்ட வர்மாவைப் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா?

2 ஆகஸ்ட், கேள்வி

குமரி மாவட்டத்து அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மதுரையிலிருந்து குடும்பத்தோடு கன்னியாகுமரி பார்த்துவிட்டு திருவனந்தபுரம் போகிறோம். வழியில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வண்டிக்காரர் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். அது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மியூசியம்தானே? ஏற்கெனவே போய்வந்த என் மச்சான், "வெறும் மர வீடு. மைசூர் பார்த்தவனுக்கு இதில் ஒண்ணுமில்லை" என்கிறான். நிறுத்தலாமா, நேரே போய்விடலாமா?

2 ஆகஸ்ட், இரவு

நிறுத்துங்க தம்பி. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு என்றால் நிறுத்தாதீங்க. மூன்று மணி நேரம் கேளுங்க. வண்டிக்காரர் முகம் சுளித்தால் தக்கலையில் டீ குடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போங்க. திங்கட்கிழமை விடுமுறை, அன்றைக்கு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிற கூட்டம் எப்போதும் உண்டு. செருப்பை வெளியே விட்டுத்தான் போகணும். அது ஒரு பாக்கியம். அந்தத் தரை வெறுங்காலுக்கென்றே போட்ட தரை.

மைசூரோடு ஒப்பிடுவதை விட்டுவிடச் சொல்லுங்க மச்சானை. இன்றைக்கு நாம் பார்க்கிற மைசூர் அரண்மனை 1912ல் கட்டி முடித்தது, வெள்ளைக்கார கட்டடக்கலைஞர் வரைந்த பிளான். இங்கே இருப்பது அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்திய மரமும் சுண்ணாம்பும் ஓடும். பளபளப்பைத் தேடி வருபவர்களுக்கு இது பிடிக்காது, உண்மைதான்.

நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்புக் கூடம். எல்லோரும் சீன நாற்காலியையும் கருங்கல் கட்டிலையும் போட்டோ எடுத்துவிட்டு மாடி ஏறிவிடுவார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்க. மேல்தளம் முழுக்கப் பூ. 90 பூ, ஒன்றுபோல இன்னொன்று கிடையாது. நடுவில் சங்கிலியில் தொங்குகிறது குதிரை விளக்கு. குதிரைவீரனை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்பான். சங்கிலிக் கண்ணிகளின் வேலை அது. என் அப்பா தச்சுவேலை செய்தவர். என்னைக் கூட்டிக்கொண்டு போனால் விளக்கைப் பார்க்க மாட்டார். உத்தரமும் கழுக்கோலும் (கூரையின் சாய்மரம்) சேருகிற இடத்தைக் காட்டுவார். "இதுல ஆணி எங்க இருக்குன்னு கண்டுபிடி மக்களே" என்பார். நான் தேடிக்கொண்டே இருப்பேன், அவர் அடுத்த கட்டுக்குப் போயிருப்பார்.

3 ஆகஸ்ட்

"மார்த்தாண்ட வர்மா மியூசியம்தானே" என்று கேட்டதற்கு நேற்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவசரமாக "ஆமா" சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது.

இந்த அரண்மனைக்கு அடித்தளம் போட்டவர் இரவி வர்ம குலசேகரப் பெருமாள், 1601 வாக்கில். அப்போது இது கல்குளம். நடுமுற்றம் வைத்த நாலுகெட்டாக இருக்கிற தாய்க்கொட்டாரம்தான் (கொட்டாரம் என்றால் அரண்மனை) இருப்பதிலேயே பழையது. அதன் மூலையில் ஏகாந்த மண்டபம், அங்கே ஒரே பலாமரத்தில் குடைந்த தூண். மார்த்தாண்ட வர்மா 1729ல் பட்டத்துக்கு வந்தவர். வேணாடு என்ற சின்ன நாட்டை வடக்கே விரித்துத் திருவிதாங்கூர் ஆக்கியவர் அவர். 1750 வாக்கில் அரண்மனையை எடுத்துக் கட்டி, ஊருக்கே பத்மநாபபுரம் என்று பெயர் வைத்தார். 1758ல் இறந்தார். அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795ல், தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது.

ஆக, உள்ளே பார்க்கிற எல்லாமே அவருடையது அல்ல. தெற்குக் கொட்டாரத்தில் வைத்திருப்பது பழைய வீட்டுச் சாமான்கள். தனியாக உள்ள காட்சிக்கூடத்தில் கல்வெட்டு, செப்பேடு, சிலை, ஆயுதம். அந்தக் கல்வெட்டுகளில் தமிழும் வட்டெழுத்தும் இருக்கும், கொஞ்சம் நின்று எழுத்துக் கூட்டிப் பாருங்க, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் "மன்னர் எங்கே?" என்று தேடினால் அந்தக் கூடத்தில் கிடைக்க மாட்டார். கட்டடத்தில் கிடைப்பார். என் கணக்கில் இரண்டு இடம்: மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை, உப்பரிகை மாளிகை.

3 ஆகஸ்ட், மாலை

மந்திரசாலை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பூமுகத்துக்கு மேல் மாடி அது. செங்குத்தான, ஒடுங்கிய மர ஏணிப்படி. ஏறினதும் வெயில் போய்விடும். மரச் சட்டங்களுக்கு நடுவே மைக்காத் தகடு பதித்த ஜன்னல்கள், அதன் வழியாக வருகிற வெளிச்சம் நிறம் மாறித்தான் வரும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

தரை கறுப்பு. முகம் தெரியும். சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, இன்னும் சில சேர்மானங்கள் போட்டு அரைத்துத் தேய்த்தது என்பார்கள். சேர்மானத்தை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அதைத் தேய்த்த கையை நினைத்துப் பாருங்க. எத்தனை பேர் முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தால் அந்தப் பளபளப்பு வரும், அத்தனை மழைக்காலம் தாண்டி நிற்கும்.

இந்த அறையில்தான் ராமய்யன் தளவாய் உட்கார்ந்திருப்பார். 1737 முதல் 1756 வரை தளவாய், அதாவது மன்னரின் தலைமை அமைச்சர். காயங்குளம், அம்பலப்புழை என்று ஒவ்வொன்றாக வடக்கே பிடித்ததில் அவர் கை பெரியது. மன்னரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

6 ஆகஸ்ட்

இனி உப்பரிகை மாளிகை. நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளும்.

நாலு நிலை. அடியில் கருவூலம். அதற்கு மேல் மன்னரின் படுக்கையறை. அங்கே மூலிகைக் கட்டில் இருக்கிறது. 64 வகை மருந்து மரத்தில் செய்தது, டச்சுக்காரர் கொடுத்த பரிசு என்று சொல்லிக் காட்டுவார்கள். கூட்டம் மொய்ப்பது அங்கேதான். அதற்கு மேலே மன்னர் ஓய்வெடுக்கிற நிலை. எல்லாவற்றுக்கும் உச்சியில் பத்மநாப சுவாமிக்கான அறை, சுவர் முழுக்க ஓவியம். அதைக் காப்பதற்காகப் பொதுவாக மேலே விடுவதில்லை. கட்டிலைப் பார்த்த திருப்தியோடு ஜனங்கள் இறங்கிவிடுவார்கள்.

இப்போது தேதியைப் பாருங்க. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலில் தன் உடைவாளைப் படியில் வைத்து, பிடித்த நாடு முழுவதையும் சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித் தானம். வாளைத் திரும்ப எடுத்துக்கொண்டது பத்மநாப தாசனாக. அதற்குப் பிறகு திருவிதாங்கூர் மன்னர் எல்லாரும் தாசர்கள்தான், நாடு சுவாமியுடையது. உப்பரிகை மாளிகையும் அதே 1750ஐ ஒட்டிக் கட்டியது.

எழுதிக் கொடுத்த பத்திரத்தை அப்படியே வீடாகக் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன். பணம் கீழே. ஆளுகிறவன் அதற்கு மேலே. சொந்தக்காரர் எல்லோருக்கும் மேலே. ராத்திரி படுத்தால் தலைக்கு மேலே எஜமான் இருக்கிறார் என்ற நினைப்போடுதான் படுக்கணும். மச்சான் "ஒண்ணுமில்லை" என்று சொன்ன வீடு இது. ஒரு ராஜா தன் அரசியலை மரத்திலும் சுண்ணாம்பிலும் இவ்வளவு வெளிப்படையாக வைத்த இடம் தென்னாட்டில் வேறு நான் பார்த்ததில்லை.

கட்டிலைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்க. பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று நாலு நிலையையும் கீழிருந்து மேலே ஒருமுறை எண்ணுங்க.

7 ஆகஸ்ட்

"பக்தியைப் போய் அரசியல் என்கிறீர்களே" என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஐயா, இரண்டும் சேர்ந்தே இருந்தது என்றுதான் சொல்கிறேன். தன் மாமன் மகன்களான தம்பிமாரோடும் (பப்புத் தம்பி, ராமன் தம்பி), எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களோடும் உயிருக்குப் போராடி வந்தவர் அவர். தப்பி ஓடிய நாளில் பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்று நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். (மதுரைத் தம்பி, அது உங்கள் வழியிலேயே இருக்கிறது. ஐந்து நிமிஷம் போதும்.) அப்படிப்பட்டவர் நாட்டைச் சுவாமி பெயருக்கு மாற்றும்போது, இனி தன்னை எதிர்ப்பவன் சுவாமியை எதிர்ப்பவன் ஆவான் என்று யோசிக்காமலா இருந்திருப்பார்? அதே சமயம், அந்த மாடி அறையில் அவர் கும்பிட்ட கும்பிடு நடிப்பு என்றும் நான் நம்பவில்லை.

11 ஆகஸ்ட்

இன்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. "அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில், சாவி மட்டும் ஏன் கேரளாவிடம்? பிடுங்க வேண்டியதுதானே?"

இன்றைய தேதியில் இதைக் கேட்டதால் முதலில் இதைச் சொல்கிறேன். 1954 ஆகஸ்ட் 11. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தாய்த் தமிழகத்தோடு சேரணும் என்று கேட்டவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்தத் தேதியைப் பண்டிகைத் தேதிபோல் மறக்காமல் சொல்வார்கள். போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி பின்னால் நின்ற தலைமுறை அது. 1956 நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் நின்றது, இன்றுவரை அப்படித்தான்.

அந்தப் போராட்டக்காரர் வீட்டுப் பிள்ளை நான். ஆனாலும் என் கருத்து: சாவி அங்கேயே இருக்கட்டும். இந்த மழையில் மர அரண்மனையை நிறுத்தி வைப்பது சின்ன வேலை இல்லை. ஓடு ஒன்று நழுவினால் ஒரே இடவப்பாதி மழைக்காலத்தில் கழுக்கோல் உளுத்துவிடும். கறையான் தனி. மரவேலை தெரிந்த கைகளும் அந்தச் சுண்ணாம்புச் சேர்மானம் தெரிந்த கைகளும் ஒன்றாகக் கிடைக்கிற இடத்தில் பராமரிப்பு இருப்பதுதான் கட்டடத்துக்கு நல்லது. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கிறது. அது அடுத்த படி ஏறணும் என்றால் இரண்டு அரசும் ஒன்றாக நின்றாலொழிய நடக்காது.

14 ஆகஸ்ட்

ஊட்டுப்புரை, அதாவது சாப்பாட்டுக் கூடம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். மனசில் கிடக்கிறது.

இரண்டு மாடி. ஒரு மாடியில் ஆயிரம் பேர் உட்காரலாம் என்பார்கள். நீண்டு போகிற கூடம், இரண்டு பக்கமும் தூண் வரிசை. ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகள் இருக்கின்றன, பிள்ளை ஒன்று உள்ளே இறங்கி நிற்கலாம். பார்க்கிறவர்கள் "தினமும் ரெண்டாயிரம் பேருக்குச் சோறு போட்ட மகராசன்" என்று கைகூப்புவார்கள்.

யாருக்குச் சோறு என்பதையும் சேர்த்துச் சொல்லணும். திருவிதாங்கூரில் ஊட்டுப்புரை என்பது பிராமணர்களுக்கான இலவசச் சாப்பாடு. என் ஆச்சியை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனோம். அந்தக் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நம்ம ஆளுவ இதுக்கு மரம் சுமந்திருப்பாவ, நெல்லு சுமந்திருப்பாவ. எலையில உக்காந்திருக்க மாட்டாவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு பரணியைத் தட்டிப் பார்த்து, "நல்ல பரணி" என்றாள். கோட்டைக்குள்ளே தைரியமாக நடந்துபோனதே அவளுக்குப் பெரிய காரியம். அவள் பெரியம்மாமார் காலத்தில் எந்த வழியில் நடக்கலாம், எந்த வழியில் கூடாது என்று கணக்கு இருந்தது.

மன்னரைப் பெரியவர் என்று நான் மதிக்கிறேன். இதையும் மறக்க மாட்டேன். மதுரைத் தம்பி, பிள்ளைகளிடம் அந்தக் கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுங்க.

15 ஆகஸ்ட்

"அந்தக் காலத்தை இந்தக் கண்ணால் பார்க்கக் கூடாது" என்பவருக்கு: ஆச்சி அந்தக் காலத்தின் மிச்சத்தில் வாழ்ந்தவள். அவள் கண் அந்தக் காலத்துக் கண்தான்.

24 ஆகஸ்ட்

ஓணவில் (ஓணத்துக்கு மன்னருக்குக் கொடுத்த அலங்கார வில்), ஓவியங்கள் எல்லாம் பார்த்து முடித்தவர்கள் கேட்கிற கேள்வி: டிலனாய் யார்?

அரண்மனையில் மார்த்தாண்ட வர்மா வாழ்க்கையைக் காட்டும் ஓவியங்களில் ஒன்று, குளச்சல் போருக்குப் பின் டச்சுப் படை அதிகாரி டிலனாய் சரணடைகிற காட்சி. 1741ல் டச்சுக் கம்பெனி குளச்சலில் இறங்கியது. மிளகு வியாபாரம்தான் காரணம். மன்னர் மிளகைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. மன்னர் படை அவர்களை முற்றுகை போட்டது. ஒரு குண்டு டச்சு முகாமின் வெடிமருந்தில் விழுந்து, அவர்கள் வைத்திருந்த அரிசியெல்லாம் எரிந்து போனது என்று எழுதியிருக்கிறார்கள். சோறு போனபிறகு சண்டை ஏது? ஆகஸ்டில் சரணடைந்தார்கள். குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. முக்குவர்கள் என்ற மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோல் நட்டு வைத்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். ஓவியத்தில் மன்னரும் டிலனாயும் கண்ணில் படுகிறார்கள், துடுப்புக்காரர்கள் இல்லை.

பிடிபட்ட ஆளைக் கொல்லாமல், தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தாரே, அதுதான் மார்த்தாண்ட வர்மாவின் புத்தி. டிலனாய் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆனார். 1777ல் இறக்கும்வரை இந்த நாட்டுக்கே வேலை செய்தார். கன்னியாகுமரி பக்கம் வட்டக்கோட்டை பார்த்திருப்பீர்களே, அதைச் சீரமைத்ததிலும் அவர் கை உண்டு.

அதனால் அரண்மனைக்கு முன்னாலேயே புலியூர்க்குறிச்சியில் இறங்குங்க. நாகர்கோவிலிலிருந்து வரும்போது தக்கலைக்கு முந்தி வரும். உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறையின் பூங்கா. மான், பறவை பார்க்கப் பிள்ளைகள் ஓடும். நீங்கள் கூரையில்லாத சின்னச் சர்ச்சுக்குள் போங்க. தரையில் டிலனாய் கல்லறை. குனிந்து பார்த்தால் லத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே கல்லில். அவர் மனைவி, மகன் கல்லறைகளும் அங்கேயே. மகன் களக்காட்டுச் சண்டையில் செத்தவன், இருபது வயதைக்கூடத் தாண்டாத பையன். மேலே வானம்தான், மழை பெய்தால் கல் நனையும். அரண்மனையில் வண்ணத்தில் பார்க்கிற போரின் மறுபாதி அந்தக் கல்லில் இருக்கிறது. முதலில் கல், பிறகு ஓவியம் என்று போனால் ஓவியம் வேறு மாதிரி தெரியும்.

24 ஆகஸ்ட், இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதை விட்டால் படம் முழுசாகாது. டிலனாய் வழியாக 1745ல் கிறிஸ்தவரானவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனையில் வேலை பார்த்தவர். மதம் மாறியபின் பெயர் தேவசகாயம் பிள்ளை. அதே மார்த்தாண்ட வர்மா ஆட்சியில்தான் சிறைப்பட்டு, ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15ல் ரோமில் புனிதர் பட்டம். எங்கள் மாவட்டம் முழுக்க அன்று மணி அடித்தது. பகை நாட்டுக் கைதிக்குத் தளபதி பதவி கொடுத்த கை, தன் வேலைக்காரனுக்கு இதைச் செய்தது. இரண்டையும் ஒரே ஆளாக வைத்துப் பார்க்கத் தெரியணும். எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

25 ஆகஸ்ட்

சுரங்கப்பாதை பற்றிக் கேட்டவர்களுக்கு: தாய்க்கொட்டாரப் பக்கத்திலிருந்து சாரோட்டுக் கொட்டாரத்துக்குப் போகும் என்பார்கள், இப்போது அடைத்திருக்கிறது. நேரத்தை ஊட்டுப்புரையில் செலவழிங்க.

6 செப்டம்பர்

தம்பிமார் பற்றி ஆகஸ்ட் 7ஆம் தேதி ஒரு வரி எழுதினதற்கு நாஞ்சில் நாட்டு அண்ணாச்சி ஒருவர், "நீர் மன்னர் பக்கமே பேசுகிறீரே, வில்லுப்பாட்டு கேட்டதில்லையா" என்கிறார். கேட்டிருக்கிறேன் அண்ணாச்சி, கோயில் கொடை நாளில் விடிய விடிய. தம்பிமார் கதையில் ஜனங்களின் கண்ணீர் பப்புத் தம்பி, ராமன் தம்பி பக்கம்தான் விழும். புலவரும் குடத்துக்காரரும் அந்த இடத்தில் குரலை இறக்கிப் பாடும்போது, முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வென்றவருக்கு அரண்மனை நிற்கிறது, தோற்றவர்களுக்குப் பாட்டு நிற்கிறது. எந்தக் காட்சிக்கூடத்திலாவது ஒரு மூலையில் அந்த வில்லையும் குடத்தையும் வைத்து, பாட்டைப் போட்டுக் கேட்க வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உண்மையிலேயே யாராவது இதைச் செய்யணும். பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

17 செப்டம்பர்

மதுரைத் தம்பி பயணத் தேதியைத் தள்ளி, 20ஆம் தேதி வருவதாக எழுதியிருக்கிறார். தம்பி, உங்களுக்கு யோகம். நவராத்திரிக்கு அம்மன் புறப்படுகிற நாள்.

பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. மூன்று பேரும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு நவராத்திரிக்குப் போவார்கள். தலைநகர் மாறினபிறகும் சாமிகள் வருஷா வருஷம் போய் வருகிறார்கள். சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். அந்தச் சரஸ்வதியைக் கம்பர் பூசித்தது என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

புறப்படும் முன்னால் உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கிற மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். கேரளத்து அதிகாரி, அமைச்சர் கையிலிருந்து தமிழ்நாட்டு அறநிலையத் துறை அதிகாரி கைக்கு வரும். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை அணிவகுப்பு. வாள் முன்னால் போக, சாமிகள் பின்னால். அதனால்தான் சாவி யாரிடம் என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. அந்த ஒரு காலைக்கு வாள் எல்லோர் கையிலும் இருக்கிறது.

18 செப்டம்பர்

அம்மாவுக்கு முட்டுவலி, ஏறுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். மந்திரசாலைப் படி ஒடுங்கலும் செங்குத்துமாக இருக்கும், அவரை ஏற்ற வேண்டாம். பூமுகம், தாய்க்கொட்டார முற்றம் எல்லாம் தரைமட்டம்தான், மெதுவாக நடக்கலாம். நவராத்திரி மண்டபத்தில் கல்தூண்களைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்க, குளிர்ச்சியாக இருக்கும். 20ஆம் தேதி கூட்டத்தில் அறைகளை நிதானமாகப் பார்க்க முடியாது. அன்று ஊர்வலம் மட்டும் பாருங்க, தக்கலையிலோ நாகர்கோவிலிலோ தங்கிவிட்டு மறுநாள் காலையில் கதவு திறந்ததும் உள்ளே போங்க, ஞாயிற்றுக்கிழமைதான், திறந்திருக்கும். உதயகிரியை முதல்நாள் சாயங்காலமே முடித்துவிடுங்க. மச்சானையும் கூட்டிக்கொண்டு வாங்க.